கேட்போர் இல்லாக் கூற்று

தனியறையில் ஒரு கணினியின் துணைகொண்டு பாட்டிசைத்து, அதனை இணையத்தின் வழியே உலகிற்கு விடுத்துப் புகழெய்திய இளைஞர் பலர் இந்நூற்றாண்டில் உளர். அமெரிக்க நாட்டு மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆடம் யங் அவருள் காலத்தால் முற்பட்டவர். ‘ஔல் சிட்டி’ என்னும் புனைபெயர் பூண்டவர். ‘ஆந்தை நகர்’ என்பது அதன் பொருள். இவரைப் பற்றி எழுதினோர் பெரும்பாலும் இரண்டனுள் ஒன்றைச் செய்தனர்: இணையம் இவரைக் கண்டெடுத்த கதையை வியந்து கூறினர், அன்றேல், இவர் பிறரைப் பின்பற்றிய போலி என்று இகழ்ந்து அமைந்தனர். பாட்டின் இயல்பு யாது என்னும் வினா இருசாராராலும் தீண்டப்படாமலே நின்றது.

வாழ்க்கைச் செய்தி சுருங்கியதே. 1986-இல் பிறந்த யங், மினியாபொலிஸ் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒவட்டோனா என்னும் ஊரில் வளர்ந்தார். பகலில் கொக்கோ கோலா பண்டகசாலையில் சரக்கு ஏற்றும் தொழில், இரவில் உறக்கமின்மை. பெற்றோர் இல்லத்தின் நிலவறையில் இருந்து, உறக்கம் வாராத அவ்விரவுகளிலேயே பாடல்களை இயற்றினார். 2007-இல் ‘ஆஃப் ஜூன்’ என்னும் சிறு தொகுதியையும், 2008-இல் ‘மேபி ஐம் ட்ரீமிங்’ என்னும் முழுத் தொகுதியையும் தாமே வெளியிட்டார். மைஸ்பேஸ் தளத்தின் வழியே கேட்போர் பெருகினர். 2009 ஜூலையில் ‘ஓஷன் ஐஸ்’ தொகுதியை யுனிவர்சல் ரிபப்ளிக் என்னும் பெருநிறுவனம் வெளியிட்டது. அதிலுள்ள ‘ஃபயர்ஃப்ளைஸ்’ என்னும் மின்மினிப் பாட்டு அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கப் பில்போர்டு வரிசையில் முதலிடம் பெற்றது.

போலி என்னும் குற்றச்சாட்டை முதற்கண் நோக்குவோம். 2003-இல் ‘போஸ்டல் சர்வீஸ்’ என்னும் பெயரால் பென் கிப்பர்ட், ஜிம்மி தம்பொரெல்லோ என்னும் இருவர் ‘கிவ் அப்’ என்னும் தொகுதியை அளித்தனர். ஒருவர் சியாட்டிலில் இருந்தார். மற்றவர் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தார். இசைக்கூறுகளை அஞ்சலில் அனுப்பி அனுப்பியே பாடல்களை முடித்தனர். பெயரும் அதனால் வந்தது. மின்னொலிகளின் மென்மை, சொற்களை எண்ணி எண்ணி உச்சரிக்கும் குரல் ஆகிய இரண்டிலும் யங் அவர்க்குக் கடன்பட்டவர் என்பதை மறுத்தல் இயலாது. ஆயின் கடன்பட்டமை ஒன்றே போலியாக்கிவிடுமோ? முதனூலோடு பெரும்பான்மையும் ஒத்து, பின்னவன் வேண்டிய வேறுபாட்டையும் உடையதனை வழிநூல் என்று நம் இலக்கணிகள் தனியே எண்ணினர். இங்கே ஆராயத்தக்கது வேறுபாடு உண்டா என்பதே. ஒப்புமையை அடுக்குதல் எவர்க்கும் எளிது.

வேறுபாடு உண்டு, அஃது ஓசையில் இல்லை, கூற்றில் உள்ளது. ‘கிவ் அப்’ பாடல்களில் இருவர் நடுவே ஒரு முறிவு நிற்கிறது. பேசுவோர்க்கு எதிரே ஒரு முகம் உண்டு. பெண்குரல் எழுந்து எதிர்மொழி கூறும் பாட்டும் அதில் உண்டு. அஞ்சலில் பரிமாறிச் செய்த இசைக்கு இஃது இயல்பே. யங்கின் தொடக்கப் பாடல்களிலோ எதிரே எவரும் இலர். தொல்காப்பியர் செய்யுளியலில் கூற்று, கேட்போர், களன், காலம் என்பனவற்றைச் செய்யுள் உறுப்புகளாக வைத்து எண்ணினார். இந்நான்கனுள் கேட்போர் என்னும் உறுப்பு இப்பாடல்களில் வெறுமையாய் நிற்கிறது. காலம் யாமம், களன் நிலவறை, கூற்று உறங்காதான் ஒருவனது கூற்று. மின்மினிப் பாட்டில் அவன் உறங்க முயல்கின்றான். எண்ணிறந்த மின்மினிகள் ஒளிர்கின்றன. அவன் கண்டது கனவோ நனவோ என்பது தெளிவுறவில்லை. யாரிடத்தும் அவன் முறையிடுவதில்லை. ‘நீ’ என விளிக்கும் ‘வனிலா ட்வைலைட்’ போன்ற பாடல்களும் உளவே எனின், அம்முன்னிலை அகன்றுபோன முன்னிலை. மறுமொழி கூறும் நிலையில் இல்லாதது. பெண்குரல் சேர்ந்து ஒலிக்கும் ‘சால்ட்வாட்டர் ரூம்’ ஒன்றே இதற்குப் புறனடையாகத்தக்கது.

கேட்போர் இல்லாதவிடத்துப் பேசுவோன் யாரை விளிப்பான்? ஞாயிறு, திங்கள், கடல், விலங்கு, மரம், புள் முதலியன கேட்பனபோலவும் சொல்லுவனபோலவும் கொண்டு கூறலாம் என்று தொல்காப்பியர் வழிவகுத்துள்ளார். யங் விளிப்பது ஒரு நகரத்தை. ‘ஹலோ சியாட்டில்’ என்னும் பாட்டில், 2000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள சியாட்டிலுக்கு அவன் வணக்கம் கூறுகின்றான். தன்னை மலையேறுவோன் என்றும், ஆழ்கடல் திருக்கை மீன் என்றும், பெருங்கடற் பறவை என்றும் மாறி மாறி அறிவிக்கின்றான். மினசோட்டா கடலே இல்லாத மாநிலம். ஏரிகள் மிகுதியும் உண்டு. ஒவட்டோனாவைச் சூழ்ந்திருப்பவையோ வயல்கள். ஆயினும் தொகுதியின் பெயரிலேயே கடல். பாட்டுத்தோறும் உப்புநீர், அலை, கடற்கரை. உரிப்பொருள் ஒழிந்த பிற மயங்கலாம் என்பது அகத்திணை மரபு. ஈண்டு நெய்தலின் கருப்பொருள் வயல்நிலத்தான் ஒருவனது தனிமையைச் சுமந்து நிற்கிறது. காணாததை வேண்டும் நெஞ்சிற்குக் கடல் ஒரு பெயராயிற்று என்க. அயலார் பாட்டினை நம் இலக்கணத்தால் அளத்தல் தகுமோ என ஐயுறுவார் உளர். விளக்கம் பிறக்குமாயின் தகும் என்பதே என் கருத்து. ‘கிவ் அப்’ தொகுதியை வெளியிட்ட சப் பாப் நிறுவனமும் சியாட்டிலதே. இதனைக் கொண்டு முடிபு எதுவும் கட்டுதல் வேண்டா. வழிநூலான் முதனூலின் ஊரை நோக்கி வணங்குவது அழகாகவே உள்ளது.

தனியறை என்பது மட்டும் இவ்வியல்பைத் தந்துவிடாது. 2015-இல் பில்லி ஐலிஷ் பாடிய பாட்டின் பெயரும் ‘ஓஷன் ஐஸ்’ என்பதே. அதுவும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு படுக்கையறையில் பிறந்தது, இணையத்திலேயே பரவியது. ஆனால் அவ்வறையில் அண்ணன் ஃபின்னியஸ் இயற்ற, தங்கை பாடினாள். கேட்போர் ஒருவர் அருகே இருந்தார். அப்பாட்டு எதிரே நிற்பான் ஒருவனது கண்களை நோக்கியே பேசுகின்றது.

இனி, கேட்போர் திரண்டபின் யங்கின் கூற்று என்னாயிற்று? 2012-இல் கார்லி ரே ஜெப்சனுடன் இணைந்து பாடிய ‘குட் டைம்’ பெருவெற்றி பெற்றது. அதில் ‘நான்’ மறைந்து ‘நாம்’ வந்தது; யாமம் போய்க் களிப்பு வந்தது. ‘தி மிட்சம்மர் ஸ்டேஷன்’ தொகுதியில் பிற இயற்றுநரும் இசையமைப்பாளரும் கலந்தனர். ஆடரங்கிற்கு ஏற்ற நல்ல பாட்டு ‘குட் டைம்’. வேறு எவர் பாடியிருப்பினும் அவ்வாறே இருந்திருக்கும் என்பதே அதன் குறை. பலர் இதனை வணிகத்தின் கேடு என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நின்றபின் எவரும் கேளாதான்போல் பேசுதல் பாசாங்காகும். பழைய கூற்று தானே முடிவுற்றது.

2018-இல் பெருநிறுவனத் துணையின்றி வெளிவந்த ‘சினிமாடிக்’ தொகுதியில் யங் வேறொரு வழி கண்டார். தந்தையைப் பற்றி ஒரு பாட்டு; தம் பிறந்தநாளைப் பெயராகக் கொண்டது ஒன்று; இசை நிறுவனத்தார் தம்மை நியூயார்க்கிற்கு வரவழைத்த நாளைக் கூறும் ‘ஃபீஜி வாட்டர்’ என்பது ஒன்று. கற்பனைக் கடல் வற்றி, ஊரும் உறவும் பெயர்பெற்றன. சொல்வளம் குறைவே, முந்தைய மயக்கமும் இல்லை. ஆனால் பேசுவோன் யாரிடம் பேசுகின்றான் என்பது முதன்முறையாகத் தெளிவாய் உள்ளது.

பாடவேறுபாடு பற்றியும் ஒன்று கூறவேண்டும். மைஸ்பேஸ் தளத்தில் 2015 வரை பன்னீராண்டுகளாக ஏற்றப்பட்ட ஒலிப்பதிவுகள், கணினிக் கிடங்கு மாற்றத்தின்போது அழிந்தமை 2019 மார்ச்சில் வெளிப்பட்டது. செல்லரித்த ஏடுகளைக் கண்டு வருந்திய நமக்கு இவ்விழப்பின் அளவு விளங்கும். யங்கின் தொடக்கத் தொகுதிகள் தனியே வெளியிடப்பட்டமையால் எஞ்சின. ‘சால்ட்வாட்டர் ரூம்’ 2008-ஆம் ஆண்டு வடிவிலும், நிறுவனத்திற்கெனச் செப்பமிட்ட 2009-ஆம் ஆண்டு வடிவிலும் இன்று கிடைக்கிறது. பின்னது ஒலி நிறைந்தது. பெரும்பான்மையோர் அறிந்ததும் அதுவே. அறையின் வெறுமை கேட்பது முன்னதில்தான். இவர் பாடல்களை ஆராயப் புகுவோர் 2008-ஆம் ஆண்டுப் பாடத்தை மூலமாகக் கொண்டு, 2009-ஆம் ஆண்டுப் பாடத்தை அதன் வேறுபாடாகக் குறித்தல் வேண்டும்.