லிம்பர்லாஸ்ட் சதுப்பின் கதைக்காரி

எல்னோரா காம்ஸ்டாக் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் முதல் நாளன்று மட்டமான சீட்டித் துணி உடையும் கனத்த பூட்சும் அணிந்திருக்கிறாள். வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. பாடப் புத்தகங்களைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும், வெளியூர்ப் பிள்ளைகள் கட்டணமும் கட்ட வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் அவளுக்குத் தெரியவருகிறது. அம்மாவுக்கு இது முன்பே தெரியும். பட்டால்தான் புத்தி வரும் என்று வாயைத் திறக்காமல் அனுப்பிவைத்திருக்கிறாள். மறுநாள் பள்ளிக்குப் போக வழியில்லாமல் நிற்கும் பெண்ணின் கண்ணில், ஒரு வங்கியின் சன்னலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு படுகிறது: அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி, கூட்டுப்புழு, செவ்விந்தியரின் பழம்பொருட்கள் எல்லாம் ரொக்கத்துக்கு வாங்கப்படும். அவளுடைய வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சதுப்புக்காடு முழுக்க அவைதான்.

1909-ல் வெளிவந்த ‘எ கேர்ள் ஆஃப் தி லிம்பர்லாஸ்ட்’ நாவல் இப்படித் தொடங்குகிறது. எழுதியவர் ஜீன் ஸ்ட்ராட்டன்-போர்ட்டர். அந்தக் காலத்து அமெரிக்காவில் அவர் பெயர் தெரியாத வாசகர் வீடு அபூர்வம். அவருடைய ‘தி ஹார்வெஸ்டர்’ 1912-ல் அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. பிறகு இலக்கிய வரலாறுகள் அவரை ‘சர்க்கரைப் பாகு’ எழுத்தாளர் என்று ஒரு வரியில் முடித்துவிட்டன. சர்க்கரை இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அந்த நாவல்களில் வேறொன்றும் இருக்கிறது. இயற்கையைப் பற்றிய துல்லியமான அறிவையே கதையின் அச்சாக்கிய வெகுஜன நாவலாசிரியர்கள் மிகச் சிலர். அவர்களில் ஜீனுக்கு நிகராக இன்னொருவரை என்னால் சொல்ல முடியவில்லை.

எல்னோராவுக்குப் பணம் வரும் விதத்தைப் பாருங்கள். வேறொரு நாவலாசிரியர் என்றால் ஒரு பணக்கார மாமாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். இங்கே அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவது அவள் சிறுவயதிலிருந்து சேர்த்துவைத்த அறிவு. எந்தப் புழு எந்த மரத்தின் இலையைத் தின்னும், எது கிளையில் கூடு கட்டும், எது எந்த மாதத்தில் சிறகு விரிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. செக்ரோபியா என்ற அந்துப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். வட அமெரிக்காவின் மிகப் பெரிய அந்துப்பூச்சி அது. விரித்த சிறகு பதினைந்து சென்டிமீட்டரையும் தாண்டிப் போகும். மேப்பிள், செர்ரி போன்ற மரங்களில் வளரும் புழு, கிளையோடு ஒட்டிய கூட்டுக்குள் பனிக்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தின் முடிவில் வெளியே வரும். வந்த பூச்சிக்கு உண்ணும் வாய் கிடையாது. சில நாள் வாழ்வு, இணைசேரல், முட்டை, அவ்வளவுதான். பெண்பூச்சியின் வாசனையை ஒரு மைலுக்கு அப்பாலிருந்துகூட ஆண்பூச்சி தன் இறகு போன்ற உணர்கொம்பால் அறிந்து தேடிவரும். இதையெல்லாம் அறிந்தவளுக்கு அந்தக் காடு பள்ளிக் கட்டணமாகவும் பாடப் புத்தகமாகவும் மாறுகிறது. பிடித்த பூச்சி நச்சுக் குப்பிக்குள் போய்த்தான் காசாகிறது என்பதையும் ஜீன் மறைக்கவில்லை. அழகை நேசிக்கிறவளே அதைக் கொன்று விற்று மேலே வருகிறாள். இந்த உறுத்தலைப் பற்றி நாவல் பிரசங்கம் எதுவும் செய்யாமல் நகர்ந்துவிடுவது எனக்குப் பிடிக்கிறது.

ஜீன் 1863-ல் இந்தியானா மாநிலத்தின் வாபாஷ் மாவட்டத்தில் ஒரு பண்ணை வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். மருந்துக் கடையும் பிறகு வங்கியும் நடத்திய சார்லஸ் போர்ட்டரை 1886-ல் மணந்து, ஜெனீவா என்ற சிற்றூருக்கு வந்தார். அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் லிம்பர்லாஸ்ட் கிடந்தது. ஏறக்குறைய 13,000 ஏக்கர் சதுப்பு. புதைமணல், பாம்பு, கொசு, விலையுயர்ந்த மரங்கள், அந்த மரங்களைத் திருட வருகிறவர்கள் என்று பெண்கள் தனியாக நுழையாத இடம். அவர் நுழைந்தார், அதுவும் கண்ணாடித் தகடு போட்டுப் படம் எடுக்கும் கனமான கேமராவோடு. வீட்டுக் குளியலறையை இருட்டறையாக்கி அங்கே படங்களைக் கழுவினார். வான்கோழி பரிமாறும் பெரிய தட்டுகள் அதற்குத் தொட்டிகளாயின.

காட்டில் ஒரு பட்ட மரத்தின் பொந்துக்குள் கரிய பிணந்தின்னிக் கழுகு ஒன்று முட்டையிட்டிருப்பதாக மரம் வெட்டுகிறவர்கள் வழியே செய்தி வந்தது. பொரிந்த குஞ்சு வளர்ந்து பறக்கும் வரையில், அழுகல் நாற்றத்தையும் சேற்றையும் பொருட்படுத்தாமல் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் படமெடுத்தார். 1904-ல் வெளியான ‘ஃப்ரெக்கிள்ஸ்’ அந்த அனுபவத்திலிருந்து முளைத்த நாவல். சிகாகோவின் அநாதை இல்லத்தில் வளர்ந்த, ஒரு கையை இழந்த இளைஞன் அதன் நாயகன். ஒரு மர நிறுவனத்துக்காக அவன் அந்தச் சதுப்பின் எல்லைக் கம்பிவேலியை ஒட்டி நாள்தோறும் மைல்கணக்கில் நடந்து காவல் காக்கிறான். முதலில் ஒவ்வொரு சத்தத்துக்கும் குலை நடுங்குகிறான். பனிக்காலத்தில் பசியால் வாடும் பறவைகளுக்குத் தன் சாப்பாட்டிலிருந்து பிய்த்துப் போடுகிறான். அவற்றைத் தன் ‘கோழிகள்’ என்று அழைக்கிறான். அப்புறம் வசந்தம் வருகிறது. சுற்றிலும் எல்லாம் அசைகின்றன, முனகுகின்றன, பூக்கின்றன. எதற்கும் அவனுக்குப் பெயர் தெரியாது. ஒருநாள் வானத்திலிருந்து ஒரு பெரிய கருஞ்சிறகு அவன் முன்னால் விழுகிறது. எந்தப் பறவையினுடையது? பக்கத்துக் குட்டையில் கிடக்கும் தவளையின் கரகரத்த குரல், கண்டுபிடி என்று தனக்கே கட்டளையிடுவதாக அவன் காதில் விழுகிறது. அவன் தன் சம்பளத்திலிருந்து புத்தகம் வாங்கத் தீர்மானிக்கிறான்.

அறிவுத் தாகம் ஒருவனுக்குள் பிறக்கும் கணத்தை இவ்வளவு எளிமையாக, இவ்வளவு நம்பும்படியாக எழுதிய பக்கங்களை வெகுஜன நாவல்களில் நான் அதிகம் கண்டதில்லை. பயத்திலிருந்து பரிச்சயம், பரிச்சயத்திலிருந்து கேள்வி. ஆசிரியர் தானே நடந்த பாதை அது. அதனால்தான் அந்தப் பக்கங்களில் ஒரு சொல்கூட மிகையாகத் தெரிவதில்லை. காடு வெறும் பின்னணித் திரையாக நின்றிருந்தால் இந்த அத்தியாயமே சாத்தியமில்லை.

இரு நாவல்களிலும் ‘பறவைப் பெண்மணி’ என்ற பாத்திரம் வருகிறது. கேமராவோடு சேற்றில் இறங்கி நிற்கும் அந்தப் பெண் ஜீனேதான். எல்னோராவிடம் பூச்சிகளை வாங்குகிறவளும் அவளே. தன்னைக் கதாநாயகியாக்கிக்கொள்ளாமல், இளையவர்களுக்கு வழி திறந்துவிடும் ஒரு துணைப் பாத்திரமாக அவர் வைத்துக்கொண்டதில் ஒரு நாகரிகம் இருக்கிறது.

ஆனால் அவருடைய எழுத்தின் உச்சம் எல்னோராவும் இல்லை, ஃப்ரெக்கிள்ஸும் இல்லை. எல்னோராவின் அம்மா கேத்தரின்தான். மகள் பிறக்கும் வேளையில் கணவன் ராபர்ட் சதுப்புக் குட்டையில் மூழ்கிச் சாகிறான். பேறுகால வேதனையில் இருந்த அவளால் அவனை இழுத்துக் கரையேற்ற முடியவில்லை. மகள் மட்டும் இல்லையென்றால் அவன் பிழைத்திருப்பான் என்ற நினைப்பு அவளுக்குள் கல்லாக இறுகுகிறது. மகளுக்குச் சோறு போடுவாள், அன்பு மட்டும் தரமாட்டாள். நிலத்தில் எண்ணெய் எடுக்கச் சம்மதித்தால் பணம் கொட்டும், மரங்களை விற்றாலும் பணம் வரும். ராபர்ட்டின் மரங்கள் என்பதற்காக ஒன்றையும் தொடவிடமாட்டாள். இரவில் அந்தக் குட்டையருகே போய் நின்று அழுவாள். மகளோ அப்பாவின் வயலினை அம்மாவுக்குத் தெரியாமல் கற்றுக்கொள்கிறாள்.

பள்ளிப் படிப்பு முடியும் வேளை. எல்னோராவின் பூச்சித் தொகுப்பு முழுமையடைய மஞ்சள் பேரரசன் என்ற அந்துப்பூச்சி மட்டும் வேண்டும். அது கிடைத்தால் தொகுப்பு நல்ல விலைக்குப் போகும். செக்ரோபியாவைப் போல இது கிளையில் கூடு கட்டுவதில்லை, மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழுவாகும் இனம். அதனால் பனிக்காலத்தில் கிளை கிளையாகத் தேடிச் சேர்த்துவைக்க முடியாது. பறந்து வரும் சில வாரங்களில் பிடித்தால்தான் உண்டு. இந்தச் சிறு விவரத்தின் மேல் ஒரு குடும்பத்தின் விதியையே ஜீன் தூக்கி வைக்கிறார். கடைசியில் அந்தப் பூச்சி வீட்டு வாசலுக்கே வருகிறது. கேத்தரின் அதைக் காலால் மிதித்து நசுக்கிவிடுகிறாள்.

அதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் பக்கத்து வீட்டு மார்கரெட், இத்தனை வருடம் மனதுக்குள் பூட்டிவைத்திருந்த உண்மையைச் சொல்லிவிடுகிறாள். செத்துப்போன இரவில் ராபர்ட் இன்னொரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தான். கேத்தரின் இத்தனை காலம் அழுதது ஒரு பொய்க்காக. அதன் பிறகு ஒரு சாதாரண நாவலில் என்ன நடக்கும்? கட்டிப்பிடித்து அழுவார்கள். இங்கே அந்தத் தாய் விளக்கை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாகச் சதுப்புக்குள் இறங்குகிறாள், தான் நசுக்கிய பூச்சிக்குப் பதிலாக இன்னொன்றைத் தேடி. பூச்சிகளைப் பற்றி ஒன்றும் தெரியாத, தெரிந்துகொள்ள மறுத்த பெண், மகளின் உலகத்துக்குள் முதல் முறையாக அடியெடுத்து வைப்பது அந்த இருட்டில்தான். மன்னிப்பு கேட்கும் வழியாக ஒரு பூச்சி வேட்டையைக் கற்பனை செய்த மனத்தின் ஆழத்தை எந்தச் சர்க்கரையும் குறைத்துவிட முடியாது.

அந்த நாவலின் பிற்பகுதியை இதே உற்சாகத்தோடு சொல்ல முடியவில்லை. நகரத்திலிருந்து உடல் தேற வரும் பணக்கார இளைஞன் பிலிப், அவனுக்கு நிச்சயமான ஆணவக்காரி ஈடித், அவர்களுக்கிடையே தியாக உருவாக எல்னோரா என்று கதை வழக்கமான தடத்துக்குப் போய்விடுகிறது. ‘ஃப்ரெக்கிள்ஸ்’ முடிவிலும் அநாதைப் பையன் உயர்குடிப் பிறப்பு என்று தெரியவர வேண்டியிருக்கிறது. ஜீனின் பாத்திரங்களின் கால்கள் சேற்றில் இருக்கும் வரை எழுத்தில் உயிர் இருக்கிறது, அவர்கள் வரவேற்பறைக்குள் நுழைந்ததும் அது மங்கிவிடுகிறது. எனக்கு அவருடைய எல்லாப் புத்தகங்களையும் எடைபோட இந்த ஓர் அளவுகோல் போதுமானதாக இருக்கிறது. கலிஃபோர்னியாவுக்குக் குடிபோன பிறகு அவர் எழுதிய ‘ஹெர் ஃபாதர்ஸ் டாட்டர்’ (1921) ஜப்பானியர்கள் மீதான வெறுப்பால் கறைபட்ட புத்தகம். காலத்தின் குறை என்று சொல்லி அதை என்னால் தாண்ட முடியாது. உயிர்களை அத்தனை பொறுமையாகப் பார்த்த கண், மனிதர்களில் ஒரு சாராரைப் பார்க்கவே மறுத்துவிட்டது.

1913-ல் வந்த ‘லாடி’ வேறு வகை. ஒரு பண்ணைக் குடும்பத்தின் கடைக்குட்டிப் பெண் சொல்லும் கதை. அவளுக்குத் தெய்வம் போன்ற அண்ணன் லாடி. ஜீனுக்கும் அப்படி ஓர் அண்ணன் இருந்தார். லியாண்டர் என்று பெயர். 1872-ல் வாபாஷ் ஆற்றில் மூழ்கி இறந்தபோது ஜீனுக்கு வயது எட்டு. நாவலில் லாடி சாவதில்லை. காதலித்து, மணமுடித்து, உழுது வாழ்கிறான். ஒரு சிறுமியின் குரலில் நாற்பது வருடம் கழித்து எழுதப்பட்ட அந்த மகிழ்ச்சியைப் படிக்கும்போது, இனிமையான நாவல் என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

‘தி ஹார்வெஸ்டர்’ மூலிகை சேகரித்து விற்று வாழும் டேவிட் என்பவனின் கதை. அமெரிக்க இயற்கை எழுத்தாளர் தோரோவுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டது. ஆண்டுதோறும் வசந்தத்தில், அடுத்த வருடமும் காட்டிலேயே இருப்பதா, ஊருக்குப் போவதா என்று தன் நாயிடம் அவன் கேட்கும் தொடக்க அத்தியாயம் அருமை. நாயகி வந்த பிறகு வேகம் குறைந்துவிடுகிறது. மூலிகைகளைப் பறித்து உலர்த்தும் பக்கங்களுக்காகவே படிக்கலாம்.

இந்த நாவல்கள் விற்றுக்கொண்டிருந்த அதே வருடங்களில் லிம்பர்லாஸ்ட் செத்துக்கொண்டிருந்தது. நீராவி இயந்திரங்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தன. மரம் போயிற்று, எண்ணெய்க் கிணறுகள் வந்தன. போர்ட்டர் குடும்பத்தின் நிலத்திலும் எண்ணெய் எடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ‘ஃப்ரெக்கிள்ஸ்’ நாவலே, காட்டை வெட்டப்போகும் நிறுவனத்துக்காகக் காட்டைக் காக்கும் ஒருவனைப் பற்றியது. சதுப்பு வற்றியதும் ஜீன் வடக்கே ரோம் சிட்டி என்ற ஊரில் ஏரிக்கரையில் நிலம் வாங்கி, அழிந்துவரும் காட்டுச் செடிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து நட்டார். கதையை விரும்பிய பதிப்பாளரிடம் அவர் செய்துகொண்ட ஏற்பாடும் இதே பிடிவாதத்திலிருந்து வந்ததுதான்: ஒரு நாவல் தந்தால், அடுத்து இயற்கையைப் பற்றிய புத்தகம் ஒன்றையும் போட வேண்டும். நாவல்கள் ஈட்டிய பணத்தில் அந்தப் புத்தகங்கள் வெளிவந்தன. தன் நாவல்களைப் படமாக்கியவர்கள்மேல் அதிருப்தி கொண்டு, சொந்தமாகத் திரைப்பட நிறுவனமும் தொடங்கினார். 1924 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் அவருடைய கார் டிராம் வண்டியோடு மோதியதில் இறந்துபோனார்.

பென்சில்வேனியாவில் ஒரு சிறுமி இந்த நாவல்களை விரும்பிப் படித்து வளர்ந்தாள். பின்னாளில் ‘சைலன்ட் ஸ்பிரிங்’ எழுதிப் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிராக ஒரு தேசத்தையே விழிக்கவைத்த ரேச்சல் கார்சன்தான் அந்தச் சிறுமி. லிம்பர்லாஸ்ட்டின் ஒரு பகுதியை 1990-களிலிருந்து மீண்டும் நீர் தேங்கவிட்டுச் சதுப்பாக மாற்றியிருக்கிறார்கள்.

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் எல்னோராவின் கதையிலிருந்தே தொடங்கலாம். கூடவே ‘மாத்ஸ் ஆஃப் தி லிம்பர்லாஸ்ட்’ (1912) என்ற புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். செத்த பூச்சியின் நிறம் மங்கிவிடும் என்பதால், உயிருள்ள பூச்சிகளையே படமெடுத்து, அவற்றைப் பார்த்துப் பார்த்து நீர்வண்ணம் தீட்டியிருக்கிறார். மஞ்சள் பேரரசனின் படத்தை அதில் பார்த்துவிட்டுக் கேத்தரின் அதை மிதிக்கும் அத்தியாயத்துக்குப் போங்கள்.