படை கொடுத்தார்கள், பங்கு கேட்கவில்லை

1943 ஆகஸ்டில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் கியூபெக் நகரில் கூடினார்கள். அவர்களை வரவேற்று விருந்தளித்தவர் கனடாப் பிரதமர் மெக்கன்சி கிங். மூவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. ஆனால் போர்த்திட்டம் பேசப்பட்ட கூட்டங்களில் கிங் இல்லை. இத்தனைக்கும் முந்தைய மாதம்தான் கனடாவின் முதலாம் டிவிஷன் சிசிலியில் தரையிறங்கிச் சண்டையிட்டிருந்தது.

1939 செப்டம்பர் 10 அன்று இரண்டாம் உலகப் போரில் இறங்கியபோது கனடாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.1 கோடி. அதில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சீருடை அணிந்தார்கள். 45,000-க்கும் மேற்பட்டோர் உயிர்விட்டார்கள். இவ்வளவு கொடுத்த நாடு, அந்தப் படையை எங்கே, எதற்காக இறக்குவது என்ற முடிவைப் பெரும்பாலும் லண்டனிடமும் பின்னர் வாஷிங்டனிடமும் விட்டுவிட்டது. கனடிய வீரர்களின் துணிவைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. கேள்வி இந்த நடைமுறையைப் பற்றியது.

இதில் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. பெரும்போரில் ஒவ்வொரு நாடும் தனித் திட்டம் போட்டால் எதுவும் நகராது. 1939 டிசம்பரில் கையெழுத்தான காமன்வெல்த் விமானப் பயிற்சித் திட்டத்தின்கீழ் கனடா மண்ணில் 1,31,000-க்கும் மேற்பட்ட விமானிகளும் விமானப் பணிக்குழுவினரும் பயிற்சி பெற்றார்கள். செலவான சுமார் 220 கோடி டாலரில் 160 கோடியைக் கனடாவே ஏற்றது. அப்படித் தயாரானவர்கள் எல்லாப் போர்முனைகளுக்கும் சிதறிப் போனார்கள். அந்தச் சிதறலால் பயனும் உண்டு. 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலையிலிருந்து கேட்டலினா விமானத்தில் கிளம்பியவர் கனடா விமானப்படையின் லெனர்ட் பர்ச்சால். ஜப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு, விமானம் சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் செய்தி அனுப்பிவிட்டார். மறுநாள் காலை கொழும்பில் குண்டு விழுந்தபோது தீவு விழிப்புடன் இருந்தது. பர்ச்சாலின் பெயர் தமிழ் வாசகர்களிடம் இன்னும் பரவலாகப் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் அதே நடைமுறைதான் ஹாங்காங்கிலும் நடந்தது. 1941 செப்டம்பரில் பிரிட்டன் இரண்டு பட்டாலியன் கேட்டது. கனடாத் தலைநகர் ஒட்டாவா சில நாட்களில் சம்மதித்தது. அந்தத் தீவைக் காக்க முடியாது என்று அதே ஆண்டின் தொடக்கத்திலேயே சர்ச்சில் தம் தளபதிகளுக்கு எழுதியிருந்தார். ஆசிய நிலவரத்தைச் சொந்தமாக ஆராய்ந்து சொல்லும் உளவு அமைப்பு கனடாவிடம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அது முனையவில்லை. பயிற்சி முடியாத 1,975 பேர் வான்கூவரில் கப்பலேறினார்கள். அவர்களுடைய 212 வாகனங்கள் வேறொரு கப்பலில் பின்னால் கிளம்பின. அவை ஹாங்காங்கை எட்டவே இல்லை. கிறிஸ்துமஸ் நாளில் தீவு சரணடைந்தது. போரிலும் ஜப்பானியச் சிறைமுகாம்களிலுமாக 550-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பிரெஞ்சுக் கடற்கரையில் நடந்த தியெப் தாக்குதல் பற்றி நிறைய எழுதியாயிற்று. 1942 ஆகஸ்ட் 19 அன்று இறங்கிய ஏறத்தாழ 5,000 கனடியரில் 907 பேர் இறந்தார்கள், 1,946 பேர் பிடிபட்டார்கள். பழியைப் பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன் தலையில் மட்டும் போடுவது எளிது. நம் ஆட்களுக்கும் ஒரு சண்டை வேண்டும் என்று துடித்தவர்களில் கனடிய ஜெனரல் கிரீராரும் ஒருவர் என்பதை மறந்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் திட்டத்தைக் கேள்வி கேட்கும் வழக்கம் கனடியத் தலைமையிடமே இருக்கவில்லை.

இந்த நடைமுறையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிவது அட்லாண்டிக் கடலில். போர் தொடங்கியபோது கனடாக் கடற்படையில் 6 டிஸ்ட்ராயர்கள்தான் உருப்படியான போர்க்கப்பல்கள். முடியும்போது சுமார் 400 கலங்கள். நடுவில் நின்றவை கார்வெட் என்ற சிறு கப்பல்கள். அலை ஏறினால் தளம் முழுக்கத் தண்ணீர். மாலுமிகளின் துணியும் படுக்கையும் காய்வதே இல்லை. லண்டன் கேட்கக் கேட்கக் கனடா கப்பல்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. புதுக் கப்பல் மிதந்தவுடன் பழைய கப்பலின் அனுபவசாலிகளை இறக்கி அதில் ஏற்றினார்கள். ஆகவே எந்தக் குழுவும் ஒன்றாய்ப் பழகவில்லை. பிரிட்டிஷ் கப்பல்களில் புதிய ரேடார் வந்த பிறகும் பல கனடியக் கப்பல்கள் பழையதை வைத்தே இருட்டில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளைத் தேடின. 1942 நவம்பரில் கனடியக் காவலில் வந்த எஸ்சி-107 கான்வாயில் (சரக்குக் கப்பல் அணியில்) மட்டும் 15 கப்பல்கள் மூழ்கின. கடைசியில் பிரிட்டனே, உங்கள் குழுக்களுக்குப் பயிற்சி போதாது, நடுக்கடலிலிருந்து விலக்குங்கள் என்றது. கேட்டதையெல்லாம் கொடுத்துக் களைத்தவர்களுக்குக் கிடைத்த சொல் அது!

இந்த அவமானம் ஒட்டாவாவைப் பேச வைத்தது. 1943 மார்ச்சில் வாஷிங்டன் மாநாட்டில் கனடா தன் பங்குக்கேற்ற அதிகாரத்தை வற்புறுத்தியது. ஏப்ரல் 30 முதல் வடமேற்கு அட்லாண்டிக் முழுவதும் ஹாலிஃபாக்ஸில் இருந்த ரியர் அட்மிரல் லெனர்ட் மர்ரியின் கட்டளைக்கு வந்தது. இரு உலகப் போர்களிலும் ஒரு போர்முனை முழுமைக்கும் தலைமை வகித்த ஒரே கனடியர் அவர்தான். கேட்டார்கள், கிடைத்தது. கேட்டாலும் தரமாட்டார்கள் என்ற சமாதானம் அத்தோடு உடைகிறது.

பிறகு ஏன் மற்ற இடங்களில் கேட்கவில்லை? கிங்கின் கணக்கு உள்நாட்டு அரசியல் கணக்கு. திட்டத்தில் பங்கு கேட்டால் திட்டம் கேட்கும் ஆளையும் கொடுக்க வேண்டும். ஆள் போதாவிட்டால் கடல் கடந்த போருக்கும் கட்டாயப் படைச்சேர்ப்பு. அது வந்தால் 1917-இல் நடந்தது போல பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் கொதிக்கும். நாட்டைப் பிளவுபடாமல் கொண்டுபோனது கிங்கின் சாதனை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மௌனத்தின் விலையைக் காலாட்படை கொடுத்தது.

அது ஷெல்டில் கண்கூடு. 1944 செப்டம்பர் 4 அன்று பிரிட்டிஷ் படை ஆன்ட்வெர்ப் துறைமுகத்தைச் சேதமின்றிப் பிடித்தது. கடலிலிருந்து துறைமுகத்துக்கு வரும் ஷெல்ட் கழிமுகத்தின் இரு கரைகளும் ஜெர்மானியர் கையில் இருந்தன. பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியின் பார்வையோ ஹாலந்தின் ஆர்ன்ஹெம் மீது. ஜெர்மானியர் அரண் அமைத்துக்கொள்ள வாரக்கணக்கில் அவகாசம் கிடைத்த பிறகு, வேலை முதலாம் கனடா ராணுவத்திடம் வந்தது. கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த வயல்கள். நடக்கக் கரைகளின் மேல் மட்டுமே வழி, அங்கே எழுந்தவன் எதிரியின் குறிக்குள். அந்த ராணுவத்தின் தற்காலிகத் தலைமை ஏற்ற கனடியத் தளபதி சைமண்ட்ஸ், கழிமுகத்தின் வாயிலில் இருந்த வால்ஹெரன் தீவின் கடற்கரைத் தடுப்பைக் குண்டுவீசி உடைத்துத் தீவுக்குள் கடலை விடச் சொன்னார். துணிந்த யோசனை, பலித்தது. நவம்பர் 8 வரை கனடியரில் மட்டும் 6,367 பேர் இறந்தோ காயமுற்றோ காணாமலோ போனார்கள். பயிற்சி குறைந்தவர்களை வைத்து அணிகளை நிரப்பினார்கள். அதே வேளையில் உள்நாட்டுப் பாதுகாப்புக்கெனக் கட்டாயச் சேவைக்கு எடுக்கப்பட்ட பல்லாயிரம் பேர் கனடாவுக்குள்ளேயே இருந்தார்கள். அவர்களில் 16,000 பேரை அனுப்பும் ஆணை வந்தது நவம்பர் 23 அன்று, ஷெல்ட் முடிந்த பிறகு.

கூட்டுத் தலைமைக்குப் படையை ஒப்படைத்தது தவறல்ல. அதில்லாமல் நார்மண்டியும் இல்லை, ஹாலந்தின் விடுதலையும் இல்லை. கேள்வி கேட்காமல் ஒப்படைத்ததுதான் தவறு. அந்தத் தவறில் லண்டனைவிட ஒட்டாவாவின் பங்கே பெரிது என்பது என் தீர்ப்பு. ஒட்டாவாவும் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. 1945-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் எழுதப்பட்டபோது, பாதுகாப்பு அவையில் இல்லாத நாட்டிடம் படை கேட்டால், அந்தப் படையைப் பயன்படுத்தும் முடிவில் அந்நாட்டையும் சேர்க்க வேண்டும் என்று கனடா வாதாடியது. சாசனத்தின் 44-ஆம் பிரிவு அதுதான்.