புது வேகன்-ஆரா, 14 மாத வேகன்-ஆரா?

ஒரே வாரத்தில் மூன்று வேகன்-ஆர் ஓட்டினேன். ஒன்று ஷோரூம் டெஸ்ட் டிரைவ் வண்டி. இன்னொன்று ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் யார்டில் நின்றது. மூன்றாவது, வேலை மாற்றலாகி ஊரைவிட்டுப் போகும் ஒருவரின் வீட்டுப் போர்டிகோவில் உறை போர்த்திக் கிடந்தது. மதுரையில் என் தங்கை வீட்டுக்கு முதல் கார் பார்த்துக்கொண்டிருந்தோம். கையில் 1.60 லட்சம் ரூபாய் இருந்தது, மீதிக்குக் கடன் வாங்க வேண்டும். தங்கை லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவளோடு இருக்கும் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி.

மாடலை முடிவு செய்தது அந்த முழங்கால்கள்தான். மாப்பிள்ளைக்கு ஸ்விஃப்ட் மீது ஆசை. அதில் அம்மா உட்காரும்போது கடைசி அரை அடி விழுகிறார். இறங்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. வேகன்-ஆரில் கதவைத் திறந்து, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்காருவது போல் திரும்பி உட்கார்ந்தார். அதோடு பேச்சு முடிந்தது. 2024-25 நிதியாண்டில் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் இதுதான். அதில் பாதிப் பேராவது வீட்டுப் பெரியவர்களை மனதில் வைத்து வாங்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

புதுசா, ஒன்றிரண்டு வருஷம் ஓடியதா என்பதில்தான் குழப்பம். 'புதுக் கார் ஷோரூம் வாசலைத் தாண்டினதுமே ஒரு லட்சம் போச்சு, வேற ஒருத்தர் அந்த நஷ்டத்தைப் பட்டுட்டுப் போகட்டும்' என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு அதை அப்படியே சொல்ல முடியவில்லை. அன்றுதான் 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. மேலே இருந்த செஸ்ஸும் போய்விட்டது. வேகன்-ஆர் 1.0 விஎக்ஸ்ஐ எக்ஸ்-ஷோரூம் விலை ஐந்தரை லட்சத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்குச் சாலை வரி 13 சதவீதம், அது எழுபதாயிரத்துச் சொச்சம். இன்சூரன்ஸ், பதிவுச் செலவெல்லாம் சேர்த்து ஆன்ரோடு 6.60 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பழைய கார் விற்பவர்கள் மனதில் மட்டும் இந்தத் தேதி இன்னும் ஏறவில்லை. தான் வாங்கியபோது கொடுத்த பணத்திலிருந்து கழித்துத்தான் விலை சொல்கிறார்கள். வாங்குகிறவர் இன்றைய புது வண்டியின் ஆன்ரோடு விலையிலிருந்து கழிக்க வேண்டும். இரண்டு கணக்குக்கும் நடுவே ஐம்பது அறுபதாயிரம் ரூபாய் தொங்குகிறது.

யார்டில் பார்த்தது 2024 ஏப்ரல் மாத விஎக்ஸ்ஐ. டி.என். 32, அதாவது விழுப்புரம் பதிவு. 21,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. விலை 5.60 லட்சம். வெள்ளை பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது, உள்ளே பன்னீர் வாசம் போல் ஏதோ அடித்திருந்தார்கள். என் மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போயிருந்தேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, "அண்ணே, பெல்ட்ட முழுசா இழுங்க" என்றார்.

இழுத்தேன். சாதாரணமாக நாம் போடும் நீளம் வரை பெல்ட் கறுப்பாக, சுத்தமாக வந்தது. அதற்கு மேல், உருளைக்குள் எப்போதும் சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு முழம், காய்ந்த வண்டல் நிறத்தில் வந்தது. விரலால் தேய்த்தால் பொடி உதிர்ந்தது. அவர் குனிந்து சீட்டுக்கு அடியில் செல்போன் வெளிச்சம் அடித்தார். சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட் தலைகளில் துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தால், பள்ளத்தின் ஓரத்தில் அதே வண்டல் ஒரு கோடாக நின்றது. பின் டயர் இரண்டிலும் '0325' என்று இருந்தது, அதாவது 2025-ஆம் வருஷம் மூன்றாவது வாரம் செய்தவை. ஏப்ரல் 2024 வண்டிக்கு அதற்குள் ஏன் புது டயர்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததும் விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. இந்த வண்டி எங்கே நின்றிருக்கும் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. யார்டுக்காரர் "வாட்டர் வாஷ் பண்ணினது சார்" என்றார்.

வெள்ளத்தில் நின்ற கார் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். வயரிங் இணைப்புகளில் பச்சை பூத்து, ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பவர் ஸ்டீயரிங்கும் ஒவ்வொன்றாகப் படுப்பதற்கு ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகும். ஏர்பேக் விரியாது என்பது விபத்து நடக்கும்போதுதான் தெரியவரும். அதை மறைத்து, முதல் கார் வாங்க வரும் குடும்பத்திடம் விற்கப் பார்ப்பது எனக்கு ஆறவில்லை. பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். நான்கு கதவுப் பக்கமும் இழுங்கள்.

மூன்றாவது வண்டிதான் உண்மையான போட்டி. 2024 செப்டம்பர், 1.2 இசட்எக்ஸ்ஐ, 9,400 கிலோமீட்டர். மூன்று இலவச சர்வீஸும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே நடந்திருந்தன. நான்கு டயரும் ஸ்டெப்னியும் 2024 தேதியில் இருந்தன. ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. பெயின்ட் விரிசல் இல்லாமல் முழுசாக இருந்தது. வாரண்டியும் 2027 செப்டம்பர் வரை இருந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாருதி 2024 ஜூலையில்தான் வாரண்டியை 2 வருஷம், 40,000 கிலோமீட்டரிலிருந்து 3 வருஷம், 1 லட்சம் கிலோமீட்டராக உயர்த்தியது. யார்டில் பார்த்த ஏப்ரல் வண்டி அதற்கு முந்தையது. ஐந்து மாத இடைவெளியில் ஒரு வருஷ வாரண்டி வித்தியாசம். ஆர்.சி.யில் வருஷத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

ஓட்டிப் பார்த்ததில் எனக்கு இதுதான் பிடித்தது. காளவாசல் மேம்பாலத்தில் ஐந்து பேரும் ஏசியுமாக மூன்றாவது கியரிலேயே ஏறியது. நான்கு சிலிண்டர் இன்ஜின், 90 குதிரைத்திறன். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதே மேம்பாலத்தில் புது 1.0 வண்டி பாதியில் மூச்சு வாங்கியது. இரண்டாவது கியருக்கு இறக்கினேன். மூன்று சிலிண்டர் இன்ஜின் என்பதால் நிற்கும்போது கியர் தண்டில் ஒரு மெல்லிய நடுக்கம் கைக்குத் தெரிகிறது. ஆனால் கிளட்ச் பூ மாதிரி இருக்கிறது, ஸ்டீயரிங் ஒரு கையில் திரும்புகிறது. நாகமலைப் புதுக்கோட்டை வரை தங்கையை ஓட்டச் சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் ஆஃப் ஆனது. மணிக்கு 80-ஐத் தாண்டி லாரியைக் கடக்கும்போது, இந்த உயரமான உடம்பைக் காற்று ஒரு தள்ளு தள்ளுகிறது. அதில் பழசு, புதுசு என்ற பேதமில்லை.

இசட்எக்ஸ்ஐக்கு 6.40 லட்சம் கேட்டார். நல்ல மனிதர், இறங்கி 6 லட்சத்துக்கு வந்தார். அறுபதாயிரம் குறைவு, பெரிய இன்ஜின், மேல் வேரியன்ட். மாப்பிள்ளை அன்றைக்கே அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிட்டார்.

அன்று ராத்திரி தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை எடுத்து எழுதினோம். புது வண்டிக்கு 5 லட்சம் கடன், எங்களுக்குச் சொன்ன வட்டி 9 சதவீதம், 5 வருஷம். மாதத் தவணை 10,379 ரூபாய். பழைய வண்டிக்கு 4.40 லட்சம் கடன். ஆனால் பழைய காருக்குச் சொன்ன வட்டி 13 சதவீதம். தவணை 10,011 ரூபாய். தங்கை இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாசம் 368 ரூபாதானா அண்ணே வித்தியாசம்?" என்றாள். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்தால் 22,080 ரூபாய். விலையில் தெரிந்த அறுபதாயிரத்தில் முப்பத்தெட்டாயிரத்தை வட்டியே தின்றுவிட்டது.

மிச்சமிருந்த இருபத்திரண்டாயிரமும் முழுசாகக் கைக்கு வராது. புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குக் கட்டப்பட்டே வரும். வண்டிச் சேதத்துக்கான காப்பீடு வருஷா வருஷம் புதுப்பிப்பது. அந்த 14 மாத வண்டிக்கு அடுத்த வருஷப் பணம் நாங்கள்தான் கட்ட வேண்டும். அவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. பெயர் மாற்றம், கடன் பதிவு நீக்கம், ஆர்.டி.ஓ. செலவெல்லாம் தனி. இந்தக் கணக்கு கடன் வாங்குகிறவர்களுக்கு மட்டும். முழுப் பணமும் கையில் வைத்திருப்பவருக்கு அறுபதாயிரம் அறுபதாயிரம்தான். அப்படி ஒருவர் கேட்டிருந்தால் அந்த இசட்எக்ஸ்ஐயை உடனே எடுக்கச் சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேனா? ஏர்பேக் விஷயம் என்னைத் தயங்க வைக்கிறது. 2024 வண்டியில் முன்னால் இரண்டு ஏர்பேக். 2025-இல்தான் வேகன்-ஆரின் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு வந்தது. பின் சீட்டில் பத்து வயதுப் பையனும் அம்மாவும் உட்காரப்போகிற காரில் பக்கவாட்டு ஏர்பேக் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. ஆனாலும் ஆறு ஏர்பேக் வந்ததால் வேகன்-ஆர் கோட்டையாகிவிடவில்லை. 2023-இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம், குழந்தைகளுக்குப் பூஜ்யம். உடல்கட்டு நிலையற்றது என்றார்கள். ஏர்பேக் கூடினாலும் கட்டு அதேதான். தங்கை குடும்பம் பெரும்பாலும் ஊருக்குள், 40-50 வேகத்தில் ஓட்டப்போகிறது என்பதால் அரை மனதோடு சம்மதித்தேன். வாரா வாரம் நான்குவழிச் சாலையில் சென்னை போய்வரும் குடும்பமாக இருந்தால், அதே அமைப்பின் 2021 சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய டாடா பஞ்ச்சைப் பாருங்கள் என்றிருப்பேன். அங்கே ஒன்றிரண்டு வருஷம் ஓடிய வண்டி என்றாலும் பரவாயில்லை.

ஆக, கடனில் வாங்குகிறவர்களுக்கு நான் இப்போது சொல்லும் அளவு இது. இரண்டு வருஷத்துக்குள் உள்ள வண்டி, இன்றைய புது வண்டி ஆன்ரோடு விலையில் கால்வாசியாவது குறைந்திருக்க வேண்டும். இந்த விஎக்ஸ்ஐ கணக்கில் 5 லட்சத்துக்குள். அதற்கு மேலே போனால் புதுசு எடுங்கள். புதிதாக ஓட்டுகிறவர் எங்கேயாவது இடிப்பார், அதனால் பழசுதான் நல்லது என்பார்கள். கீறல் இரண்டு வண்டியிலும் விழும். புது ஆளுக்கு முக்கியம், கிளட்ச்சும் பிரேக்கும் ஒழுங்காக இருக்கிற, நடுரோட்டில் நிற்காத வண்டி.

புது வண்டியிலும் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட வேண்டாம். எங்களுக்குக் கொடுத்த தாளில் இன்சூரன்ஸ் 34,000 ரூபாய் என்றிருந்தது. அதே பாதுகாப்புகளோடு வெளியில் கேட்டேன், 27,000 சொன்னார்கள். அதைக் காட்டியதும் இவர்களும் இறங்கினார்கள். கேட்காமலே சேர்த்திருந்த சீட் கவர், மேட், பாலிஷ் 14,000 ரூபாயை அடிக்கச் சொன்னோம். மதுரை வெயிலுக்கு சீட் கவர் ஒன்றை மட்டும் பிறகு வெளியில் போட்டுக்கொண்டோம்.

இதை எழுதும்போது வண்டி 1,100 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊருக்குள் லிட்டருக்கு 17 கிலோமீட்டர், திருச்சி போய் வந்தபோது 21. நடுக்கம் பழகிவிட்டது என்கிறாள் தங்கை. எனக்கு இன்னும் பழகவில்லை. ஒன்பதாவது நாள் வீட்டு கேட்டில் இடது பின் கதவை உரசிவிட்டாள், ஒரு சாண் நீளத்துக்கு. பெயின்ட் அடிக்க 3,500 ரூபாய் என்றார்கள். இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்தால் அடுத்த வருஷம் வர வேண்டிய 20 சதவீத போனஸ் போய்விடும். அதனால் டச்-அப் பெயின்ட் ஒரு குப்பி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே உட்கார்ந்து தடவினாள்.