பவர் இருக்கட்டும், பந்து அடங்குகிறதா? மூன்று பிக்கிள்பால் பேடில்கள், ஒரு சோதனை

சென்னையில் மொட்டைமாடி, பாட்மின்டன் அரங்கம், அபார்ட்மென்ட் வளாகம் என்று எங்கு பார்த்தாலும் இப்போது பிக்கிள்பால் கோடு போட்டிருக்கிறார்கள். இந்த ஆட்டம் இங்கே இவ்வளவு சுலபமாகக் காலூன்றியதற்கு இடவசதியும் ஒரு காரணம். பிக்கிள்பால் கோர்ட் 44 அடி நீளம், 20 அடி அகலம். பாட்மின்டன் இரட்டையர் கோர்ட்டின் அளவும் அதேதான். அதனால் பாட்மின்டன் ஆடியவர்கள்தான் முதலில் வருகிறார்கள். ஸ்மாஷ் அடித்துப் பழகிய கை என்பதால் பேடில் வாங்கும்போதும் "நல்லா பவர் வர்ற மாதிரி கொடுங்க" என்று கேட்கிறார்கள்.

இரட்டையர் ஆட்டம் ஆடும் பெரும்பாலானோருக்கு அது தவறான தேர்வு என்பது என் உறுதியான கருத்து. அவர்களுக்குத் தேவை பந்தை அடக்கும் பேடில், அதாவது கன்ட்ரோல் பேடில். பந்து நடுவில் படாமல் சற்றுத் தள்ளிப் பட்டாலும் அதைச் சொன்ன இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இதற்குக் காரணம் விதியிலேயே இருக்கிறது. வலையின் இரு பக்கமும் 7 அடிக்கு 'கிச்சன்' என்ற பகுதி உண்டு. அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. சர்வீஸ் போட்ட அணியும், திரும்பி வரும் பந்து ஒருமுறை தரையில் பட்ட பிறகுதான் அடிக்க வேண்டும். எதிரணி அதற்குள் கிச்சன் கோட்டுக்கு வந்து நின்றுவிடும். மூன்றாவது அடி எப்படி இருக்க வேண்டும் என்று பாருங்கள். வலையிலிருந்து 22 அடி பின்னால் நின்று, நடுவில் 34 அங்குலம் உயரமுள்ள வலையைத் தாண்டி, அந்த 7 அடிக்குள் பந்தை மெதுவாக இறக்க வேண்டும். ஓர் அடி நீளமாகப் போனாலும் எதிராளிக்கு ஸ்மாஷ் கிடைக்கும். பாயிண்ட் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வேகம் போதாமல் தோற்பவர்கள் குறைவு.

எதைப் பார்த்து வாங்குவது?

1965ல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் தொடங்கியபோது பேடில்களை பிளைவுட்டில் அறுத்துச் செய்தார்கள். போயிங் நிறுவனப் பொறியாளர் ஆர்லன் பாரன்டோ 1984ல் விமானத்துக்கான தேன்கூட்டுப் பலகையைக் கொண்டு பேடில் செய்தார். இன்றைய பேடில்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பின் வாரிசுகள்தான். நடுவில் பாலிபுரொப்பிலீன் தேன்கூட்டுக் கோர், இரு பக்கமும் கார்பன் ஃபைபர் அல்லது ஃபைபர்கிளாஸ் முகம்.

கோர் தடிமனாக இருந்தால் முகம் வளைந்து துள்ளுவது குறையும். 13, 14 மி.மீ. பேடிலில் பந்து பட்டவுடன் பாயும். 16 மி.மீ. பேடிலில் அது சற்றே அமுங்கி வெளியேறும். முகத்திலும் இதே வேறுபாடு உண்டு. ஃபைபர்கிளாஸ் துள்ளும். கார்பன் விறைப்பாக இருப்பதால் அடி முகம் முழுக்கப் பரவும். பூச்சு இல்லாத சொரசொரப்பான 'ரா கார்பன்' முகம் பந்தைப் பிடித்துச் சுழற்றவும் உதவும்.

அடுத்தது வடிவம். அமெரிக்க பிக்கிள்பால் அமைப்பின் விதிப்படி பேடிலின் நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நீளத்தைக் கூட்டினால் அகலத்தைக் குறைத்தே ஆக வேண்டும். எட்டிப் பிடிக்க நீளம் உதவும். தவறிப் பட்ட பந்தைக் காப்பாற்றுவது அகலம்.

தவறிப் பட்ட பந்தைப் பேடில் எவ்வளவு தாங்கும் என்பதை அளக்கும் எண்தான் 'ட்விஸ்ட் வெயிட்'. பந்து ஓரத்தில் பட்டால் பேடில் கைக்குள் திருகும். அந்தத் திருகலை எவ்வளவு எதிர்க்கிறது என்பதை இந்த எண் சொல்கிறது. 6க்குப் பக்கத்தில் இருந்தால் சராசரி, 6.5க்கு மேல் நிதானம், 7ஐத் தொட்டால் மிக உறுதி. ஓரத்தில் இருக்கும் எடையின் பங்கு, நடுக்கோட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 7.5 அங்குல அகலத்தை 8 ஆக்கினால் ஓர எடையின் பலன் ஏறக்குறைய 14 சதவீதம் கூடும். அரை அங்குலத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். 'ஸ்விங் வெயிட்' வேறு. அது பேடிலை வீசும்போது கை உணரும் கனம். 112க்குக் கீழே இருந்தால் கை சட்டென்று திரும்பும். 120ஐத் தாண்டினால் வலையருகே கை தாமதிக்கும்.

மூன்று பேடில்கள்

வடிவத்துக்கு ஒன்றாக மூன்றை எடுத்துக்கொண்டேன். ஜூலா பென் ஜான்ஸ் ஹைபீரியன் சிஎஃப்எஸ் 16 நீள வடிவம். 16.5 அங்குல நீளம், 7.5 அகலம், 5.5 அங்குலக் கைப்பிடி. வாட்டிக் ப்ரோ ப்ரிஸம் ஃப்ளாஷ் 16 இடைப்பட்ட வடிவம். 16.3 நீளம், 7.7 அகலம், ரா கார்பன் முகம். செல்கர்க் லக்ஸ் கன்ட்ரோல் ஏர் எஸ்2 அகல வடிவம். 8 அங்குல அகலத்தோடு கோரே 20 மி.மீ. தடிமன். மற்ற இரண்டின் கோரும் 16 மி.மீ.தான்.

முதல் சோதனை ரீசெட். நான் கிச்சன் கோட்டில் நிற்க, எதிரே நின்ற நண்பர் என் உடம்பைப் பார்த்து ஓங்கி அடித்தார். அதை அவர் காலடியில் மெதுவாக இறக்க வேண்டும். லக்ஸில் பேடிலைக் குறுக்கே நீட்டியதே போதுமானதாக இருந்தது. மெத்தையில் விழுந்தது போல வேகம் செத்துப் பந்து வலைக்கு அந்தப் பக்கம் இறங்கியது. ஃப்ளாஷில் பிடியைத் தளர்த்தினால் அதே பலன் கிடைத்தது. இறுக்கிப் பிடித்தால் பந்து ஓரடி எழும்பியது. ஹைபீரியனில் நடுவில் பட்டவை அருமையாக அடங்கின. ஆனால் அந்த நடுவைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, வேண்டுமென்றே ஓரத்தில் வாங்குவது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் அழுத்தி, மற்ற விரல்களைத் தளர்த்திக்கொண்டு, விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே பந்து படும்படி பிடித்தேன். ஹைபீரியனில் கைப்பிடி கட்டைவிரலின் கீழ் உருண்டது தெளிவாகத் தெரிந்தது. பந்தும் குறிவைத்த இடத்துக்கு முன்பே விழுந்தது. ஃப்ளாஷில் லேசான அசைவு, அவ்வளவுதான். எஸ்2 ஏறக்குறைய அசையவே இல்லை. எங்களோடு ஆடும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் டிங்க், அதாவது கிச்சனுக்குள் மெதுவாக இறக்கும் அடிகள், ஆடிவிட்டு, "தம்பி, எங்க பட்டாலும் ஒரே இடத்துக்குத்தான் போகுது" என்றார். மன்னிக்கும் பேடிலுக்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, பின்கோட்டிலிருந்து டிராப், அதாவது முன்பு சொன்ன அந்த மூன்றாவது அடி. இங்கே லக்ஸின் குறையும் தெரிந்தது. அதில் பந்து தானாக ஓடாது. கை முழு தூரத்தையும் கொடுக்க வேண்டும். பாட்மின்டனில் மணிக்கட்டை மட்டும் சொடுக்கிப் பழகியவர்களின் பந்து வலையிலேயே விழும். தோளிலிருந்து தள்ளக் கற்றுக்கொண்டால் சரியாகிவிடும். ஃப்ளாஷ் இங்கே முந்தியது. டிராப்புக்கு வேண்டிய தூரமும் இருந்தது, சுழற்சியும் இருந்தது. வாய்ப்புக் கிடைத்தபோது ஓங்கி அடிக்கவும் கொடுத்தது. ஹைபீரியனின் எட்டும் தூரமும் இரண்டு கை பேக்ஹேண்டுக்கு இடம் தரும் கைப்பிடியும் ஒற்றையர் ஆட்டக்காரருக்குப் பெரிய உதவி.

டேப்: மலிவான திருத்தம்

வாங்கிய பேடில் ஓரத்தில் திருகுகிறதென்றால் உடனே புதிது வாங்க வேண்டாம். கடிகார முள் கணக்கில் 3 மணி, 9 மணி இடங்களில், விளிம்பில், பக்கத்துக்கு 3 கிராம் எடை டேப் ஒட்டுங்கள். நடுக்கோட்டிலிருந்து அது 9.5 செ.மீ. தள்ளி இருப்பதால் ட்விஸ்ட் வெயிட் அரைப் புள்ளிக்குச் சற்று மேல் ஏறும். ஸ்விங் வெயிட் 3 அளவில்தான் கூடும். இதே 6 கிராமை உச்சியில் ஒட்டினால் ஸ்விங் வெயிட் 8 அளவுக்கு ஏறிவிடும், கை சோர்ந்துபோகும். விளிம்பில் டேப் ஒட்ட விதி அனுமதிக்கிறது. ஈய டேப்பைத் தொட்டால் கையைக் கழுவ வேண்டும். டங்ஸ்டன் டேப்பில் அந்தக் கவலை இல்லை.

நம் ஊர் வெயிலுக்கு

கடற்கரை ஊர்களில் வியர்வைதான் பெரிய எதிரி. கை வழுக்கினால் பிடியை இறுக்குவோம். இறுக்கினால் எந்தக் கன்ட்ரோல் பேடிலும் பவர் பேடிலாகிவிடும், முழங்கையும் வலிக்கத் தொடங்கும். வியர்வையை உறிஞ்சும் ஓவர்கிரிப் இரண்டு பையில் இருக்கட்டும், நனைந்தவுடன் மாற்றுங்கள். ஓவர்கிரிப் சுற்றினால் பிடி தடிக்கும் என்பதால் கைப்பிடியைச் சற்று ஒல்லியாகவே வாங்குங்கள். 4 முதல் 4.25 அங்குலச் சுற்றளவு பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும்.

சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் பேடிலை விட்டுச் செல்லாதீர்கள். முகத்தையும் கோரையும் பிடித்திருப்பது பசை, அதற்கு அந்தச் சூடு ஆகாது. ரா கார்பனின் சொரசொரப்பில் பந்தின் பிளாஸ்டிக் துகள் படியும். அதற்கென்றே விற்கும் ரப்பர் கட்டியால் துடைத்தால் போகும். தேய்ந்துபோன சொரசொரப்பு மட்டும் திரும்பி வராது. அடிக்கடி ஆடுபவருக்குச் சில மாதங்களிலேயே சுழற்சி குறைவது தெரியும்.

யாருக்கு எது?

இரட்டையர் ஆட்டம், தொடக்க நிலை அல்லது நடுநிலை, எந்த வயதும் என்றால் என் முதல் பரிந்துரை ப்ரிஸம் ஃப்ளாஷ் 16. அமெரிக்காவில் ஏறக்குறைய 100 டாலருக்கு விற்கும் பேடில் இவ்வளவு தருவது மகிழ்ச்சியான விஷயம். பக்கவாட்டில் டேப் ஒட்டினால் இன்னும் நன்றாக இருக்கும். வலையருகே நின்று பொறுமையாக ஆடுவதே உங்கள் பாணி, பணமும் தடையில்லை என்றால் லக்ஸ் எஸ்2. ஆனால் அது 250 டாலருக்கு அறிமுகமான பேடில், விலை வித்தியாசத்தைக் கணக்கில் வையுங்கள். ஒற்றையர் ஆடுபவர்கள், டென்னிஸிலிருந்து வந்தவர்கள் ஹைபீரியனை எடுக்கலாம்.

இவை கிடைக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம். 16 மி.மீ. கோர், 7.7 அங்குலத்துக்குக் குறையாத அகலம், ரா கார்பன் முகம், 6.5ஐ ஒட்டிய ட்விஸ்ட் வெயிட். இந்த நான்கும் பொருந்தினால் எந்த நிறுவனத்தின் பேடிலானாலும் நம்பி எடுக்கலாம். போட்டிகளில் ஆடப் போகிறீர்கள் என்றால் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாங்கும் முன் கோர்ட்டில் யாரிடமாவது இரவல் வாங்கிக் கிச்சன் கோட்டில் நின்று ஆடிப் பாருங்கள். ஓங்கி அடித்துப் பார்க்க வேண்டியதில்லை. எதிரே ஒருவரை ஓங்கி அடிக்கச் சொல்லி, அந்தப் பந்தை உங்களால் அடக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.