வாயைக் கட்டி வயித்தைக் கட்டி

லண்டனில் படித்த இரண்டு பேரின் சாப்பாட்டுக் கணக்கு நமக்கு எழுத்தில் கிடைக்கிறது. ரெண்டு பேருமே கல்யாணமானவர்கள், ஊரில் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவர்கள். ஒரு கணக்கு காந்தி தன் கையால் எழுதியது. இன்னொன்று, தனஞ்சய் கீர் 1954இல் எழுதிய அம்பேத்கர் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சிக்கனம் என்கிற சொல் சாதிக்குச் சாதி எப்படி நிறம் மாறுகிறது என்று தெரியும்.

காந்தி 1888இல் போனார். முதலில் பாண்ட் தெருவில் பத்து பவுண்டுக்கு உடுப்பு, அப்புறம் டான்ஸ் வகுப்பு, வயலின். பிறகு மனசு மாறி ஒரே அறைக்குக் குடிபோய், ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தானே காய்ச்சி, நாளைக்கு ஒரு ஷில்லிங் மூணு பென்சில் ஓட்டியதாகச் சொல்கிறார். இதற்கு அவர் வைத்த பேர் சோதனை. சோதனை என்றால், பிடிக்கலைன்னா விட்டுடலாம். பணம் அனுப்ப அண்ணன் இருந்தார். கடல் தாண்டியதற்காக அவரது சாதி அவரைத் தள்ளிவைத்தது உண்மைதான். திரும்பி வந்ததும் நாசிக்கில் ஒரு முழுக்கு, ராஜ்கோட்டில் சாதிக்காரர்களுக்கு ஒரு விருந்து, சாதியில் ஒரு பிரிவு சேர்த்துக்கொண்டது. நமக்கு எந்த ஆத்துல முழுகினா தீரும்?

அம்பேத்கர் கதை வேறு. 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்கிறார். பரோடா உதவித்தொகை முடிந்துபோக, 1917இல் பாதியில் திரும்புகிறார். சிடன்ஹாம் கல்லூரியில் மாசம் 450 ரூபாய்க்குப் பேராசிரியர் வேலை. பரேல் குடியிருப்பில் ரெண்டு அறை. வீட்டுச் செலவுக்கென்று அளந்து ஒரு தொகை ரமாபாயிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்க்கிறார். சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜ் செய்த உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5000 ரூபாய் கடன். இத்தனையையும் கூட்டி 1920இல், இருபத்தொன்பது வயசில், விட்ட படிப்பைப் பிடிக்க மறுபடியும் கப்பல் ஏறுகிறார். அங்கே காலையில் ஒரு ரொட்டித் துண்டு, கொஞ்சம் மீன், ஒரு கோப்பை போவ்ரில். மதியம் கிடையாது, பிரிட்டிஷ் மியூசியத்து நூலகத்தில் சாயங்காலம் வரைக்கும் புத்தகம். ராத்திரி சுட்ட அப்பளமும் பாலும். கீர் இப்படித்தான் எழுதுகிறார். (போவ்ரில் என்பது மாட்டிறைச்சிச் சாறு. நான் கேட்ட மேடைகளில் அப்பளம் வந்திருக்கிறது, போவ்ரில் ஒருநாளும் வந்ததில்லை.)

கீரின் பிரதியில் இந்தப் பட்டினி தவமாகிவிடுகிறது. படிக்கிறவன் கண்ணில் தண்ணி வரும், எனக்கும் வந்தது. ஆனால் தவம் என்று சொன்ன பிறகு, இதற்கு யார் காசு கொடுத்தது, ஏன் கொடுக்கவேண்டி வந்தது என்கிற கேள்வி நின்றுபோகிறது. ரமாபாய் அந்தப் புத்தகத்தில் வராமல் இல்லை. பக்தி உள்ளவர், விரதம் இருக்கிறவர், பொறுமைசாலி என்று வருகிறார். அவன் செய்தால் சோதனை, இவர் செய்தால் தவம், அந்தம்மா செய்தால் விரதம்! வாயைக் கட்டி வயித்தைக் கட்டிப் படிச்சார் என்று சொல்கிறோமே, யார் வாய், யார் வயிறு? சிடன்ஹாம் சம்பளத்தில் மிச்சம் பிடித்த ரூபாய் ஒவ்வொன்றும் பரேல் அடுப்படியைத் தாண்டித்தான் போயிருக்கிறது. லண்டன் காலைச் சாப்பாட்டைத் துண்டு துண்டாகச் சொல்லத் தெரிந்த எழுத்துக்கு, அந்த மூணு வருஷம் பரேலில் ராத்திரி என்ன வெந்தது என்று விசாரிக்கத் தோணவில்லை. பெற்ற பிள்ளைகளில் யஷ்வந்த் ஒருவரைத் தவிர நாலு பேரையும் பறிகொடுத்த பொம்பளை அவர். மராட்டியத்தில் திரிகை சுற்றுகிற நம் பெண்கள் ரமாயி, ரமாயி என்று பாட்டுக் கட்டிப் பாடுகிறார்கள். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் போய்க் காது கொடுத்திருக்கலாம். அம்பேத்கர் மறக்கவில்லை. பாகிஸ்தான் பற்றிய தன் நூலை ராமு என்று பேர் சொல்லி அவருக்குத்தான் படைத்தார்.

இது பழங்கதை இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கொத்தனார், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், முப்பத்திநாலு வயசில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தார். டீக்குடிக்கிறதை விட்டார், பஸ்ஸை விட்டு சைக்கிளுக்கு மாறினார். சம்சாரம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போச்சு. அந்தக் கொட்டைப் பால் பட்டுக் கைத்தோல் உரிந்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் தின்னதை நானே பார்த்திருக்கிறேன். உதவித்தொகை வருஷக் கடைசி வரைக்கும் வரவில்லை. கேட்கப் போன இடத்தில் ஒரு பேராசிரியர், அவரும் நம்ம ஆள்தான், "பாபாசாகேப் ரொட்டித் துண்டைத் தின்னுட்டுப் படிக்கலையா, நீ ஏன்யா அழுவுற?" என்றாராம். அண்ணலின் பட்டினி, அரசாங்கம் பாக்கி வைத்த பணத்துக்கு ரசீதாக மாறிவிட்டது.

அம்பேத்கரே தன் பட்டினியை எப்படி எழுதினார்? 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பொருள்படும் அவரது சின்னத் தன்வரலாறு 1990இல்தான் அச்சாகிப் புத்தகமாக வந்தது. கோரேகாவ்ன் போகும் வழியில் தண்ணீர் கிடைக்காத பிள்ளைப் பருவம் அதில் இருக்கிறது. பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து துரத்தப்பட்டது இருக்கிறது. லண்டன் பட்டினி பற்றி ஒரு வரி இல்லை. வெளிநாட்டில் இருந்தபோது தான் தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பே போய்விட்டது என்றுதான் சொல்கிறார். அவர் கணக்கில் தாகத்துக்கு இடம் இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தண்ணியை மறித்தவன் ஒருத்தன் இருக்கிறான். பசியைக் காட்டி அனுதாபம் கேட்கிற வேலையை அவர் செய்யவில்லை.

அதற்குப் பதில் செய்தது வேறு. வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்தபோது, 1942 அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளை எழுதி ஒரு மனு கொடுத்தார். உயர்கல்விக்கும், வெளிநாடு போய்ப் படிப்பதற்கும் அரசாங்கம் பணம் தரவேண்டும் என்று அதில் கேட்டார். 1944இல் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். கொத்தனாருக்கு வராமல் கிடந்தது அந்தத் திட்டத்தின் பணம்தான்.