தலைநகர் மீட்பும் வட சென்னையும்

தலைநகர் மீட்புப் போராட்டம், சென்னை நகரம் எந்த மாநிலத்துக்கு உரியது என்ற கேள்வியை ஒட்டி 1952-53ல் நடந்தது. ஆந்திர மாநிலம் கோரி உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று மயிலாப்பூரில் உயிர்துறந்தார். நான்கு நாட்களில், சென்னை நகரம் நீங்கலாக ஆந்திரம் அமையும் என்று நேரு அறிவித்தார். ஆனால் அதன்பின் வந்த வாஞ்சூ அறிக்கை, ஆந்திரத்தின் தற்காலிகத் தலைநகர் சென்னையிலேயே இருக்கலாம் என்றது. முதல்வர் ராஜாஜி இதை ஏற்கவில்லை. மேயர் செங்கல்வராயன் காலத்து மாநகராட்சியும் நகரைப் பிரிக்கக்கூடாது என்று நின்றது. 1953 மார்ச் 25 அன்று, தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என நேரு நாடாளுமன்றத்தில் சொன்னதும் பிரச்சினை ஓய்ந்தது.

இவ்வரலாறு தமிழில் பெரும்பாலும் ம.பொ.சிவஞானத்தின் வழியாகவே பேசப்படுகிறது. அவருடைய 'எனது போராட்டம்' களத்தில் நின்றவரின் தன்வரலாறு. அதன் வலிமையும் எல்லையும் அதுவே. 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்ற அவரது முழக்கத்தை மேடைகள் இன்றும் நினைவுகூர்கின்றன. கூவத்தை எல்லையாக்கி வடபகுதியை ஆந்திரத்துக்குத் தரலாம் என்ற யோசனை மட்டும் ஓரிரு வரிகளில் கடந்துசெல்லப்படுகிறது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அதன் தீவிரம் விளங்கும். கோட்டை, துறைமுகம், ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை எல்லாமே கூவத்துக்கு வடக்கே உள்ளவை. திருவொற்றியூர் அன்று மாநகராட்சியிலேயே இல்லை, 2011ல்தான் இணைந்தது.

அப்பகுதியை ஒரு மொழிக்குரியதாக வகுப்பதும் எளிதல்ல. மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட வட சென்னைக்காரர். திருவொற்றியூர் அம்மன் மீது தியாகராஜர் பாடிய கீர்த்தனைகள் தெலுங்கிலானவை. வர்ணங்களால் புகழ்பெற்ற வீணை குப்பையர் அவ்வூர்க்காரர். வெற்றிக் கதையாக மட்டும் சொல்லப்படும்போது இந்தத் தெலுங்குச் சென்னை எதிர்த்தரப்பாகச் சுருங்கிவிடுகிறது. இது அவ்வரலாற்று நூல்களின் பெருங்குறை.

இன்னொரு குறை அதிகாரம் பற்றியது. அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவுப்படி மாநில எல்லையை மாற்றுவது நாடாளுமன்றம். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், அதன்படி நடக்க வேண்டியதில்லை. மாநகராட்சியைக் கேட்கவே வேண்டாம். ஆகவே மாநகராட்சியின் எதிர்ப்புக்குச் சட்ட வலு ஏதுமில்லை, அரசியல் வலு மட்டுமே இருந்தது. துறைமுகமோ எந்த மாநிலத்துக்கு நகரம் போனாலும் மத்திய அரசிடமே இருந்திருக்கும். பெருந்துறைமுகங்கள் மத்தியப் பட்டியலில் உள்ளவை. 2001ல் தொடங்கி, இப்போது காமராஜர் பெயரைத் தாங்கும் எண்ணூர் துறைமுகமும் அப்படியே. மீட்கப்பட்ட நகரின் கடற்கரையில் ஒரு பகுதி இவ்வாறு டெல்லியின் நிர்வாகத்தில் இருப்பதை மீட்பு வரலாறுகள் கணக்கில் கொள்வதில்லை.

டெல்லியை மட்டும் குறைசொல்வதும் முழு உண்மையாகாது. 1973ல் மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தது மாநில அரசு. அடுத்த தேர்தல் 1996ல்தான் நடந்தது. இடைப்பட்ட 23 ஆண்டுகள் ராயபுரத்துக்குக் கவுன்சிலர் கிடையாது.