புல் அறுத்தவளின் குதிரை

ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில், குதிரைக்குப் புல் வெட்டும் ஆளைப் பற்றி ஒரு சிறு பதிவு இருக்கிறது. குதிரைக்காரனைத் தவிர ஒவ்வொரு குதிரைக்கும் இப்படி ஓர் ஆள் உண்டு என்கிறது அது. வடக்கே இந்த வேலையைச் செய்பவன் ஆண். தெற்கே செய்பவள் குதிரைக்காரனின் மனைவி என்றும் குறிக்கிறது. பர்னல் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தெற்கைப் பார்த்து எழுதிய வரி அது.

தென்னிந்தியக் கிராமத்துப் பெண்ணுக்கும் குதிரைக்கும் இருந்த உறவு பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளில் இது முக்கியமானது. ஆனால் அந்த வரியில் அவளுக்குப் பெயர் இல்லை. வேலை அவளுடையது, அடையாளம் கணவனுடையது. புல் இருக்கும் இடம் தேடிப் போவது, செதுக்குவது, மண் உதறுவது, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவது எல்லாம் ‘மனைவி’ என்ற ஒரு சொல்லுக்குள் போய்விடுகின்றன.

ஓசூர் வட்டாரத்தில் நின்று இதை வாசித்தால் கூடுதலாக ஒன்று புலப்படும். ஓசூரை அடுத்த மத்திகிரியில் இன்று இருக்கும் அரசுக் கால்நடைப் பண்ணை, 1824இல் கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கப்பட்டது. 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். படைக் குதிரை அரசின் சொத்து என்பதால் அதற்குக் கணக்கு உண்டு. அதற்குத் தீனி தந்த கைகளுக்குக் கணக்கு எழுத யாருக்கும் தேவை இருக்கவில்லை. இப்பகுதியின் மானாவாரி நிலத்தில் இன்றும் விளையும் கொள்ளுக்கு ஆங்கிலத்தில் குதிரையின் பெயரையே வைத்தார்கள். அதை விதைத்து, களையெடுத்து, அடித்துப் புடைத்தவர்களில் பெண்களே மிகுதி.

இன்னும் பின்னால் போவோம். கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லப்பாடியில் வெண்ணிறப் பாறை ஓவியம் ஒன்று இருக்கிறது. குதிரைமேல் வந்து மோதும் இரு வீரர்கள் அதில் இருக்கிறார்கள். மாவட்டமெங்கும் நிறைந்திருக்கும் நடுகற்கள் சிலவற்றிலும் வீரன் குதிரைமேல் இருக்கிறான். பெண் வரும் கற்களில் பெரும்பாலும் அவள் வீரனின் பக்கத்தில் நிற்கிறாள். கணவனோடு உயிர்விட்டவளாக நினைக்கப்படுகிறாள். கல்லில் இடம்பெற ஆண் சண்டையில் சாக வேண்டும், பெண் அவன் பின்னால் சாக வேண்டும். எண்பது வயதுவரை வாழ்ந்து, உழைத்து, இயல்பாக இறந்த பெண்ணுக்கு நடுகல் மரபில் இடமே இல்லை. நீண்ட ஆயுள் என்பது நினைக்கத் தகுந்த செயலாகக் கருதப்படவில்லை.

இலக்கியமும் இதற்கு விலக்கல்ல. சங்கப் பாடல்களில் காதல் கைகூடாத ஆண், பனைமட்டையால் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, ஊர்த் தெருவில் மடலேறுவதாக மிரட்டுகிறான். பெண் மடலேறுவது நெறியன்று எனத் தொல்காப்பியம் தடுக்கிறது. திருக்குறளின் ‘நாணுத் துறவுரைத்தல்’ அதிகாரம், எவ்வளவு பெரிய காமத்தால் வருந்தினாலும் மடலேறாதிருப்பதையே பெண்ணின் பெருமையாக்குகிறது. மட்டைக் குதிரையில்கூடப் பெண் ஏறக்கூடாது. தடையை விதித்துவிட்டு, அதற்கு அடங்குவதைப் பெருமை என்று பாராட்டுவது பழைய உத்தி.

இந்தத் தடையை உடைத்த குரல் திருமங்கையாழ்வாருடையது. சிறிய திருமடலிலும் பெரிய திருமடலிலும் அவர் பெண்ணாகப் பேசி, மடல் ஊர்வேன் என்கிறார். பெண் மடலேறுவதில்லை என்ற தென்னெறியைத் தாம் ஏற்கவில்லை, வடநெறியையே வேண்டுவதாகப் பெரிய திருமடலில் அந்தக் குரல் சொல்கிறது. சீதை, உலூபி, உஷை என்று தம் விருப்பத்தின் வழி நடந்த பெண்களைச் சாட்சிக்கு அழைக்கிறது. தமிழில் இதற்கு இணையான துணிச்சல் குறைவு. ஆனாலும் இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. அந்தக் குரலின் உடல் ஆணுடையது. அந்த ஏற்றத்தின் இலக்கு கடவுள் என்பதால்தான் அது மன்னிக்கப்பட்டது. மனித ஆசைக்காக மட்டைக் குதிரை ஏறும் பெண்ணை மரபு பாடவில்லை.

இங்கே பெண்ணிய வாசிப்புக்கு ஒரு சிக்கல் வருகிறது. புல் அறுத்தவள் குதிரையை நேசித்தாள் என்று எழுதலாமா? வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு, மாட்டுத் தொழுவம் எல்லாவற்றையும் அன்பு என்று அழைத்தே பெண்ணின் கூலியை மறைத்தார்கள். அதனால் எச்சரிக்கை வேண்டும். ஆனால், உழைத்த பெண்ணுக்கு உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்று எழுதுவதும் ஒரு பறிப்புதான். குதிரைப் பிரியம் என்றால் சவாரி செய்த சீமாட்டியின் பிரியம் மட்டும்தானா? எந்தப் புல்லைக் குதிரை ஒதுக்கும், எந்த நாளில் அதற்கு வயிறு சரியில்லை என்பதை அன்றாடம் தீனி வைப்பவள் அறியாமல் இருக்க முடியாது. அந்த அறிவையும், அதில் இருந்திருக்கக்கூடிய வாஞ்சையையும், தரப்படாத கூலியையும் ஒரே வாக்கியத்தில் எழுதப் பழக வேண்டும். ஒன்றைச் சொல்ல மற்றொன்றை அழிக்கத் தேவையில்லை.

இது பழங்கதை அல்ல. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. அந்த நிறுவனத்தின் சின்னத்தில் இன்றும் குதிரை பாய்கிறது. 2021 செப்டம்பரில் ஓலா நிறுவனம், போச்சம்பள்ளி அருகிலுள்ள தன் மின்ஸ்கூட்டர் ஆலையை 10,000 பெண்களைக் கொண்டு முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என அறிவித்தது. குதிரைக்குத் தீனி சுமந்தவர்களின் மண்ணில், பேத்திகள் வண்டி பூட்டுகிறார்கள். பூட்டும் வண்டியை யார் ஓட்டுகிறார்கள், யாருடைய பெயரில் பதிவாகிறது என்று கேட்பதும் இதே வாசிப்பின் தொடர்ச்சி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி கற்றபோது, தண்ணீர்க் குடம் சுமக்கலாம், பிள்ளையைப் பள்ளியில் விடலாம் என்ற பயன்களும் சேர்த்தே சொல்லப்பட்டன. காற்று முகத்தில் அடிக்கும் சந்தோஷம் ஒன்றே போதிய காரணம் என்று சொல்ல நமக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது.

இப்போது ஊர் முனையில் தொங்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையையும் ஒரு பிரதியாக வாசியுங்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், வயது இத்தனை என்று இருக்கும். ‘ஹாப்சன்-ஜாப்சன்’ வரியின் இலக்கணம் அங்கே அப்படியே தொடர்கிறது. அவள் எந்த மாட்டை எந்தப் பெயர் சொல்லி அழைத்தாள், எந்த வேலையில் ஊரில் அவளுக்கு நிகரில்லை, எதன்மேல் ஏறிப் போக ஆசைப்பட்டாள் என்பது இருக்காது. வீட்டில் முதிய பெண் இருக்கும் மாணவிகள் இந்த மூன்று கேள்விகளையும் அவரிடமே கேட்கலாம். பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே, அது தெலுங்கானாலும் கன்னடமானாலும், எழுதிக்கொள்ளுங்கள். தலைப்பில் அவர் பெயரை எழுதுங்கள்.